மூலக்கடை பக்கம் விற்கும் ‘ஆட்டிசம் பயோமார்க்கர் பேக்கேஜ்’: 18,500 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது

நேராக விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று ரத்தம், முடி, மலம் மூன்றையும் பார்த்துச் சொல்லிவிடுகிறோம் என்று வடசென்னையில் மூலக்கடை பக்கம் ஒரு கலெக்‌ஷன் சென்டரில் பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். பயோமார்க்கர் என்றால் ஒரு நோயையோ நிலையையோ காட்டிக்கொடுக்கிற, உடம்பில் அளக்கக்கூடிய அடையாளம். வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை என்று அம்மாக்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் அந்த நோட்டீஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. விலை 18,500. என் அக்கா ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு அப்புறம்தான் எனக்குச் சொன்னாள், அதனால் அவள் மகனுக்கு எடுத்தோம், ரிப்போர்ட்டும் வந்தது. காசு கட்டலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு ஸ்டார் போட்டுவிட்டு நான் போயிருக்கலாம், ஆனால் இதே கவலையில் ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடிக்கொண்டிருக்கிற இன்னொரு அம்மாவுக்கு அது போதாது.

நான் லேப் டெக்னீஷியன். ராயபுரம் பக்கம் வேலை. ரத்தம் எடுப்பது, டியூப் பார்ப்பது, ரிப்போர்ட் அடிப்பது எல்லாம் தினமும் செய்கிறவள் என்பதால் இந்தப் பேக்கேஜின் உள்ளே எது சரக்கு, எது வெறும் காகிதம் என்று எனக்குத் தெரிகிறது.

பையனுக்கு மூன்று வயது தாண்டிச் சில மாதம். பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மிக்ஸி ஓடினால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவான். டிபன் பாக்ஸ் மூடியைத் தரையில் சுற்றிவிட்டு, அது தள்ளாடித் தள்ளாடி அடங்கும் வரைக்கும் தரையோடு தரையாகப் படுத்துப் பார்ப்பான், அடங்கியதும் மறுபடி சுற்றுவான். ஆயா வழக்கம்போல ‘அவன் மாமாகாரன் கூட மூணு வயசு தாண்டித்தான் பேசுனான், சும்மா இருங்கடி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. யாரைக் கேட்டாலும் ஒரு பதில் சொல்கிறார்கள், ஒரு டெஸ்ட் எடுத்துத் தெளிவாக ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அந்த ஆசையைத்தான் இந்தப் பேக்கேஜ் விலைக்கு விற்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த தம்பி தங்கமானவர். குழந்தையைப் படுக்கப் போட்டு அமுக்காமல், அக்கா மடியில் உட்கார வைத்து, பட்டர்ஃபிளை ஊசியால் ஒரே குத்தில் எடுத்தார். அவரிடம் எந்தக் குறையும் இல்லை. ரிப்போர்ட்டும் சொன்ன தேதிக்கு வந்தது.

ஆனால் எடுத்த ரத்தம் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பேக்கேஜில் அமோனியாவும் லாக்டேட்டும் இருக்கிறது. அமோனியாவுக்கு எடுத்த சாம்பிளை உடனே ஐஸில் வைக்க வேண்டும், ரத்த அணுக்களைச் சீக்கிரம் பிரித்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் டியூபுக்குள்ளேயே அளவு ஏறிக்கொண்டே போகும். இங்கே அது சாதாரணப் பையில் பைக்கின் பின்னால் போனது, வெயில் நேரம் வேறு. லாக்டேட் இன்னும் மோசம். குழந்தை அழுது திமிறினாலே லாக்டேட் ஏறும், கையில் கட்டுகிற ரப்பர் பட்டை கொஞ்சம் நேரம் கூடினாலும் ஏறும். எங்கள் பையன் வீடு அதிர அழுதான். ரிப்போர்ட்டில் லாக்டேட் அதிகம், மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குச் சக்தி தரும் பகுதி) கோளாறுக்கு வாய்ப்பு என்று சிவப்பில் வந்தது. அக்கா அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

ரிப்போர்ட் புத்தகம் மாதிரி வருகிறது. வைட்டமின் டி, பி12, ஃபெரிட்டின், தைராய்டு என்று ஒரு பகுதி. இவையெல்லாம் உண்மையான டெஸ்ட்தான், குழந்தையின் பொது ஆரோக்கியத்துக்குப் பார்க்கலாம், தனியாக எந்த லேபில் எடுத்தாலும் இதில் சிறு பங்குதான் செலவாகும். ஆனால் இவற்றில் எதுவும் ஆட்டிசம் உண்டா இல்லையா என்று சொல்லாது. அடுத்து செரட்டோனின், ஹோமோசிஸ்டீன். அதற்கப்புறம் முடியில் உலோகங்கள், உணவு ஐ.ஜி.ஜி (உணவுக்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் ஒரு வகை எதிர்ப்புப் பொருள்), குடல் கிருமிகள். கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் கூட்டி ஒரு மீட்டர் படம், பச்சை மஞ்சள் சிவப்பு. பையனுக்கு முள் சிவப்புக்குப் பக்கத்தில். கீழே ‘95 சதவீதம் துல்லியம்’.

அந்த 95-ஐ ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொள்வோம், உலக சுகாதார நிறுவனம் பல வருடம் சொல்லிவந்த கணக்கு அது. 10,000 குழந்தைகளை எடுத்தால் 100 பேருக்கு இருக்கும். டெஸ்ட் அதில் 95 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. மீதி 9,900 பேருக்கு ஆட்டிசம் இல்லை, ஆனால் அவர்களில் 5 சதவீதம், அதாவது 495 பேருக்கும் ‘இருக்கிறது’ என்றே காட்டும். ஆக, சிவப்பு வந்த 590 பேரில் நிஜமாகவே ஆட்டிசம் உள்ளவர்கள் 95 பேர். ஆறில் ஒருவருக்கும் குறைவு. ஏற்கெனவே சந்தேகம் இருக்கிற குழந்தைகளுக்கு மட்டும் எடுத்தால் இந்த விகிதம் மேலே போகும், உண்மைதான். ஆனால் அந்தச் சந்தேகத்தைக் கண்டுபிடித்தது யார்? அம்மாவும் டாக்டரும் கண்ணால் பார்த்ததுதானே.

அதுவும் அந்த 95 எங்கே அளந்தது என்று கவுன்ட்டரில் கேட்டேன். ‘ஃபாரின் ஸ்டடி மேடம்’ என்றார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரிப் பெரிய எண்கள் வருகிற ஆய்வுகள் இருக்கத்தான் செய்கின்றன. 2017-இல் அமெரிக்காவில் ரென்சலர் பாலிடெக்னிக்கில் ஒரு குழு, ரத்தத்தில் ஃபோலேட் சார்ந்த வளர்சிதைப் பொருட்களை அளந்து, ஆட்டிசம் உள்ள 83 குழந்தைகளையும் இல்லாத 76 குழந்தைகளையும் 96, 97 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டியது. நல்ல ஆய்வுதான். ஆனால் அங்கே ஒரு பக்கம் ஆட்டிசம் என்று உறுதியான குழந்தைகள், மறு பக்கம் எந்தப் பிரச்சினையும் இல்லாத குழந்தைகள். நம் வீட்டுக் கேள்வி அது இல்லையே. பேச்சு மட்டும் தாமதமா, காது கேட்கவில்லையா, அறிவு வளர்ச்சியில் தாமதமா, ஆட்டிசமா, இல்லை இரண்டு மூன்று சேர்ந்ததா என்பதுதான் டாக்டர் முன்னால் இருக்கிற கேள்வி. அதைப் பிரித்துச் சொல்லும் ரத்த டெஸ்ட் இன்றைக்கு உலகத்தில் எங்கும் நடைமுறையில் இல்லை.

தேடாமல் இல்லை, அறுபது வருடத்துக்கு மேலாகத் தேடுகிறார்கள். லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு அடையாளம் கொடுத்தது 1943-இல். 1961-லேயே ஆட்டிசம் உள்ள சிலருக்கு ரத்தத்தில் செரட்டோனின் அதிகம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எத்தனையோ முறை அது உறுதியானது. ஆனால் நாலில் ஒருவர், மூன்றில் ஒருவர் என்ற அளவுக்குத்தான் அது கூடுதலாக இருக்கிறது, மற்றவர்களுக்குச் சாதாரணம். அதை வைத்து உண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? அதே செரட்டோனினைத்தான் இந்தப் பேக்கேஜில் ‘லேட்டஸ்ட் மார்க்கர்’ என்று போட்டிருக்கிறார்கள்.

இப்போது நம்பிக்கை தருகிற ஆய்வுகள் பெரும்பாலும் ரத்தத்தில் இல்லை, குழந்தை பார்க்கிற விதத்தில் இருக்கிறது. குழந்தைக்குச் சின்னச் சின்ன வீடியோ காட்டி அதன் கண் எங்கே போகிறது என்று அளக்கிற எர்லிபாயின்ட் என்ற கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2022-இல் அனுமதி கொடுத்தது, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, அதுவும் நிபுணர் கையில் ஒரு துணைக் கருவியாக. அதை 475 குழந்தைகளிடம் சோதித்து 2023-இல் வெளியிட்ட முடிவில், ஆட்டிசம் உள்ளவர்களில் 71 சதவீதத்தைப் பிடித்தது, இல்லாதவர்களில் சுமார் 81 சதவீதத்தைச் சரியாக விலக்கியது. உலகத்தின் பெரிய ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் உழைத்துச் செய்த கருவிக்கே 71. மூலக்கடை மீட்டருக்கு 95! இன்னொன்று, அந்தக் கருவி சொன்னது சரியா தப்பா என்று எதோடு ஒப்பிட்டார்கள் தெரியுமா? நிபுணர் குழந்தையோடு உட்கார்ந்து பார்த்துச் சொன்ன முடிவோடு. இந்தத் துறையில் எந்த பயோமார்க்கர் வந்தாலும் அந்த முடிவைத்தான் உரைகல்லாக வைத்து உரசிப் பார்க்கிறார்கள்.

மூளை அலையிலும் ஒன்று உண்டு. ஒரு முகத்தைப் பார்த்ததும் 170 மில்லிசெகண்ட் வாக்கில் ஈ.ஈ.ஜி-யில் ஓர் அலை வரும், ஆட்டிசம் உள்ள பலருக்கு அது சற்றுத் தாமதமாக வருகிறது. 2019-இல் எஃப்.டி.ஏ அதைத் தன் பயோமார்க்கர் தகுதித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. அதுகூட மருந்து ஆய்வுகளில் ஆட்களைக் குழு பிரிக்கத்தான், தனிக் குழந்தைக்கு முத்திரை குத்த இல்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், ஆட்டிசம் ஒரே ஒரு காரணத்தால் வருகிற ஒரே ஒரு நிலை கிடையாது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஒருவருக்குப் பேச்சே இருக்காது, இன்னொருவர் மணிக்கணக்கில் ரயில் டைம்டேபிள் சொல்வார். சர்க்கரை நோய்க்குச் சர்க்கரை அளக்கிற மாதிரி ஒரு பொருளை அளந்து சொல்வதற்கு அங்கே அப்படி ஒரு பொருள் இருக்க வேண்டுமே.

குடல் கிருமி டெஸ்ட் பற்றியும் சொல்ல வேண்டும், பேக்கேஜில் விலை கூடிய பகுதி அதுதான். 2024-இல் ஹாங்காங்கில் 1,627 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து, ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கிருமிகளின் கலவை வேறுபடுகிறது என்று வெளியிட்டார்கள், செய்தியிலும் நிறைய வந்தது. ஆனால் அதற்கு முன் 2021-இல் ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளை வைத்து வந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் ஒரு சில உணவை மட்டுமே சாப்பிடுகிறார்கள், அதனால்தான் குடல் கிருமிகளின் வகை குறைகிறது என்று அது காட்டியது. எங்கள் பையன் தயிர்சாதமும் ஒரு குறிப்பிட்ட பிஸ்கட்டும் தவிர வேறு எதையும் வாயில் வைக்க மாட்டான். அவன் வயிற்றில் கிருமி வகை குறைவாக இருப்பதைச் சொல்ல லேப் எதற்கு?

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம். உணவு ஐ.ஜி.ஜி ரிப்போர்ட்டில் பால், கோதுமை, முட்டை மூன்றுக்கும் சிவப்பு. ‘நிறுத்திடுங்கம்மா, ரெண்டு மாசத்துல பேச ஆரம்பிச்சிடுவான்’ என்று போனில் ஒரு கவுன்சிலர் சொன்னார். ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அதற்கு ஐ.ஜி.ஜி இருப்பது இயல்பு, அது அலர்ஜிக்கு அடையாளம் இல்லை, அலர்ஜி நிபுணர்களின் சங்கங்கள் இந்த டெஸ்ட்டை எடுக்காதீர்கள் என்றே சொல்கின்றன. தயிர்சாதத்தையும் பிஸ்கட்டையும் பிடுங்கிவிட்டால் இந்தப் பிள்ளை எதைச் சாப்பிடும்? அக்காவிடம் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன்.

அடுத்தது முடி. வடசென்னைக்காரர்களிடம் இது ஏன் விலை போகிறது என்று எனக்குப் புரிகிறது. எண்ணூர் சாம்பல், மணலிக் காற்று, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய் என்று நாம் பார்த்ததெல்லாம் கொஞ்சமா? ‘உங்க ஏரியா காத்துல உலோகம் இருக்கு, பையன் உடம்புலயும் இருக்கும்’ என்றால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். காற்றைப் பற்றிய நம் கோபம் நியாயமானது. ஆனால் முடியை வெட்டி அனுப்பி அதை அளக்க முடியாது. தடவுகிற எண்ணெய், ஷாம்பு, தூசு எல்லாமே முடியில் ஒட்டும். 2001-இல் அமெரிக்காவில் ஒரே ஆளின் முடியை ஆறு லேபுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், ஆறும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத முடிவைக் கொடுத்தன. ஈயம் பற்றி நிஜமாகவே சந்தேகம் இருந்தால், குறிப்பாகக் குழந்தை சுவர்ச் சுண்ணாம்பு, மண், பெயின்ட் எல்லாவற்றையும் வாயில் வைக்கிற பழக்கம் உள்ளவனாக இருந்தால், நரம்பில் ரத்தம் எடுத்து ஈயத்தின் அளவைப் பார்க்க டாக்டரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இந்த 18,500 ரூபாய்ப் பேக்கேஜில் அந்த டெஸ்ட் இல்லை!

முடி ரிப்போர்ட்டோடு நிற்கவும் இல்லை. ‘டீடாக்ஸ்’ சொட்டு மருந்து, அதற்கு மேல் வேண்டுமென்றால் உலோகத்தை இறக்குகிற கீலேஷன் ஊசிக்கு ஒருவரைக் காட்டுகிறோம் என்றார்கள். நான் வேலை செய்கிற இடத்தில் பர்ப்பிள் மூடி டியூப் தினமும் நூறாவது கையில் வரும். அதற்குள் இருப்பது ஈ.டி.டி.ஏ. ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உறையவிடாமல் செய்யும். டியூபுக்குள் அது நமக்கு வேண்டியதுதான். உடம்புக்குள் கால்சியம் அப்படி இறங்கினால் இதயம் நின்றுவிடும். 2005-இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசத்துக்கு என்று ஈ.டி.டி.ஏ ஏற்றப்பட்ட 5 வயதுச் சிறுவன் அப்படித்தான் இறந்தான். ஆட்டிசத்துக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே கிடையாது. யார் சொன்னாலும் குழந்தையைக் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, எதைத்தான் எடுப்பது? முதலில் காது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு, காது கேட்கிறதா என்று மூளையின் பதிலை வைத்துப் பார்க்கிற பெரா டெஸ்ட் எடுக்காமல் வேறு எதைப் பேசினாலும் அர்த்தமில்லை, அதுவும் பேக்கேஜில் கிடையாது. அப்புறம் டாக்டர் சொன்னால் மரபணு டெஸ்ட்: குரோமோசோம் மைக்ரோஅரே, ஃப்ராஜைல் எக்ஸ். இவை ஆட்டிசம் உண்டா என்று சொல்வதற்காக இல்லை, இருப்பது உறுதியான பிறகு காரணம் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க. மைக்ரோஅரேயில் பத்தில் ஒருவருக்குப் போலத்தான் காரணம் கிடைக்கும், ஆனால் கிடைத்தால் வலிப்பு, இதயம், சிறுநீரகம் என்று எதைக் கண்காணிக்க வேண்டும் என்று தெரியவரும், அடுத்த குழந்தை பற்றிப் பேசவும் உதவும். அக்கா இரண்டாவது பற்றி யோசிக்கிறாள், அதனால் இதில் போடுகிற காசு அவளுக்கு வீணில்லை. வலிப்பு மாதிரி ஏதாவது இருந்தால் ஈ.ஈ.ஜி. அவ்வளவுதான்.

நோயறிதல் எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில்தான் நடந்தது. காத்திருக்க வேண்டியிருந்தது, கூட்டம், உட்கார இடம் இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் அந்த அறையில் சைக்காலஜிஸ்ட் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சோப்பு நுரைக் குமிழி ஊதினார். பையன் குதித்தான். சட்டென்று நிறுத்திவிட்டுப் பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். அவன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் பாட்டில் மூடி மேல் வைத்தான். அவர் எதையோ குறித்துக்கொண்டார். அப்புறம் அக்காவிடம் கேள்வி கேள்வியாக, அவசரமே படாமல். ஐ.எஸ்.ஏ.ஏ என்று 2009-இல் நம் நாட்டுக்காகவே செகந்திராபாத்தில் உள்ள, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த அளவுகோல், 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. மூன்று வயதுக்கு மேல் உள்ள குழந்தைகளுக்கு இது. 16 முதல் 30 மாதம் என்றால் எம்-சாட் என்று 20 கேள்வி கொண்ட முதற்கட்டச் சோதனை இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது.

பையன் ஆட்டிசம் வரம்புக்குள் வந்தான். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் ‘அந்த மூடியச் சுத்துறத நிறுத்தணுமா?’ என்று கேட்டார். தேவையில்லை பாட்டி, நீங்களும் கூட உட்கார்ந்து சுற்றுங்கள், அவன் முறை உங்கள் முறை என்று மாற்றி மாற்றி, என்றார் அந்த சைக்காலஜிஸ்ட். இந்தப் பதிலுக்காகவே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

இன்னொரு நடைமுறை விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ், யு.டி.ஐ.டி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதை வைத்து நிராமயா காப்பீடு, அதில் 1 லட்சம் வரை, தெரபிக்கும் சேர்த்து. இதற்கெல்லாம் ஐ.எஸ்.ஏ.ஏ மதிப்பெண்ணைக் கேட்பார்கள், வண்ண மீட்டர் போட்ட ரிப்போர்ட்டை யாரும் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, தூரம் போக முடிந்தால் முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் என்று விசாரிக்கலாம். 18,500 ரூபாய் இருந்தால் ஸ்பீச் தெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் கட்டுங்கள், சில மாதம் ஓடும்.

சென்டர் மேனேஜரிடம் நேரில் பேசினேன். ‘டயக்னோசிஸ்னு நாங்க எங்கயும் போடல மேடம், ரிஸ்க்னுதான் போட்டிருக்கோம்’ என்றார். அவர் தலைக்கு மேல் இருந்த பலகையில் ‘ஆட்டிசத்தை ஆரம்பத்திலேயே கண்டறியும் பரிசோதனை’ என்று இருந்தது, கையைக் காட்டினேன். ஹெட் ஆபீஸில் பேசுகிறேன் என்றார். முடி டெஸ்ட்டுக்கான காசை மட்டும் அக்கா கணக்குக்குத் திருப்பிவிட்டார்கள், மீதிக்கு எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன். பலகை இன்னும் இருக்கிறது. ஐந்துக்கு ஒன்று, அதுவும் ரத்தம் எடுத்த அந்தத் தம்பிக்கு.